நாதாம் பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன்னால் வண்டியைப் பிடியுங்கள்

மங்கோலியாவின் நாதாம் திருவிழாவுக்குப் போய்வந்த பிறகு என்னிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்டேடியம் டிக்கெட் எப்படி வாங்கினீங்க?" என்பதுதான். நானும் போவதற்கு முன் மூன்று மாதம் அதே கவலையில்தான் இருந்தேன். டிக்கெட் எப்படியோ கிடைத்தது. ஆனால் குதிரைப் பந்தயத்துக்குப் போக வண்டி லேசில் கிடைக்கவில்லை, கையில் அந்த ஊர்ப் பணம் இல்லை, வங்கி பூட்டியிருந்தது. ஸ்டேடியத்தில் நான் உட்கார்ந்தது மொத்தம் நாலு மணி நேரம். திருவிழா நடந்ததோ அதற்கு வெளியே.

அதனால் நான் இடறிய வரிசையிலேயே, ஆனால் சரியாகச் செய்யவேண்டிய முறையில் எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதியது. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை, நீங்கள் மூன்றாவது படியைத் தாண்டிவிடலாம்.

1. எந்த நாதாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நாதாம் என்றால் விளையாட்டு. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை மூன்றும் சேர்ந்தது. ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடும் ஷகாய் நான்காவதாக ஒட்டிக்கொள்ளும். தேசிய நாதாம் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 முதல் 13 வரை தலைநகர் உலான்பாத்தரில் நடக்கும். தேதி மாறாது. நம் பண்டிகை மாதிரி பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

பலருக்கும் தெரியாத விஷயம், மாவட்டத் தலைநகர்களிலும் சிற்றூர்களிலும் தனித்தனி நாதாம் நடக்கிறது என்பது. சிற்றூரை அங்கே சோம் என்பார்கள். சோம் நாதாம் பெரும்பாலும் அதே வாரத்தில் வரும், சில ஊர்களில் முன்னே பின்னே இருக்கும். அங்கே டிக்கெட் கிடையாது, நாற்காலியும் கிடையாது. மல்யுத்த வீரர் உங்கள் காலடியில் வந்து விழுவார், எழுந்து சிரித்துவிட்டுப் போவார்.

எனக்குச் சரியென்று படும் திட்டம் இது: ஜூலை 11 தலைநகரில் தொடக்க விழா, 12 குதிரைப் பந்தயமும் வில்வித்தையும், 13 அன்று கிளம்பி வெளியூர், 14 அல்லது 15 தேதிகளில் எங்காவது ஒரு சோம் நாதாம். எந்த சோமில் எந்தத் தேதி என்பதை ஜூன் கடைசியில் உங்கள் ஓட்டுநர் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவார். இணையத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூலையில் லீவு கிடைக்காதவர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் தன்ஷிக் நாதாமைப் பாருங்கள். தேசிய நாதாமின் குதிரைப் பந்தயம் நடக்கும், தலைநகருக்கு வெளியே உள்ள அதே மைதானத்தில் நடப்பது, கூடவே பௌத்த மடங்களின் முகமூடி நடனமும் உண்டு. கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு.

2. வண்டியும் அறையும்: ஜனவரி, பிப்ரவரிக்குள்

இதை விசாவுக்கு முன்னால் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஊர் முழுக்க லீவில் போகிற வாரம் அது. தலைநகர்க்காரர்கள் 10ஆம் தேதி மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு சொந்த ஊர் கிளம்பிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் எப்படி இருக்குமோ அப்படி. ஓட்டுநர்களும் மனிதர்கள்தானே, அவர்களுக்கும் நாதாம் உண்டு. மே மாதத்தில் தேடினால் மிச்சம் இருப்பது இரட்டை வாடகை வண்டிதான்.

வெளியூர் போக இரண்டு மாதிரி வண்டி கிடைக்கும். ஒன்று, புர்கோன் என்று அவர்கள் அழைக்கும் பழைய ரஷ்ய வேன். எங்கே நின்றாலும் ஓட்டுநரே படுத்துச் சரிசெய்துவிடுவார், ஆனால் முதுகு போய்விடும். இன்னொன்று ஜப்பானிய நாலு சக்கர ஜீப் வகை. ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 100 முதல் 130 டாலர் வரை எனக்குச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்தால் தாங்கும், தனியாகப் போனால் கடிக்கும். பேசும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பெட்ரோல் உள்ளேயா வெளியேயா, ஓட்டுநரின் சாப்பாடு தங்கல் யார் செலவு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், 11 முதல் 13 வரை வாடகை தனியா. நான் நான்காவதைக் கேட்கவில்லை. கடைசி நாள் ஒரு வெள்ளைத்தாளில் கூடுதல் தொகை எழுதி நீட்டினார்கள், கொடுத்தேன்.

அறைக்கு, தலைநகரில் சுக்பாத்தர் சதுக்கத்தில் இருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். விருந்தினர் விடுதியில் நான் கொடுத்தது ஓர் இரவுக்கு 4,200 ரூபாய், மற்ற மாதங்களில் அதே அறை பாதி விலை. வெளியூரில் கெர் முகாம்கள் உண்டு. கெர் என்பது அவர்களின் வட்டக் கம்பளிக் கூடார வீடு. முகாமில் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 50 டாலர் சுற்றி வரும்.

3. விசா: காகிதத்தைத் தயார் செய்ய மார்ச், விண்ணப்பிக்க மே

முதலில் மங்கோலியக் குடியேற்றத் துறையின் இ-விசா தளத்தைத் திறந்து, நாடுகளின் பட்டியலில் உங்கள் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். இருந்தால் வீட்டிலிருந்தே முடிந்தது. இல்லையென்றால் தில்லியில் உள்ள மங்கோலியத் தூதரகம். யாரோ மூன்று வருடம் முன் எழுதிய பயணக் கட்டுரையை நம்பி இதை முடிவு செய்யாதீர்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

எந்த வழியானாலும் கையில் இருக்கவேண்டியவை:

- திரும்பும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இரண்டு வெற்றுப் பக்கங்களோடு
- வெள்ளைப் பின்னணியில் எடுத்த சமீபத்திய புகைப்படம்
- அங்குள்ள பயண நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், அல்லது தங்கும் இடத்தின் பதிவுச் சான்று
- போக வர விமான முன்பதிவு
- மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பயணக் காப்பீடு

அழைப்புக் கடிதத்தில்தான் நான் சறுக்கினேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பினேன், டியூப்லைட் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டு எண்ணில் ஒரு 8, 3 மாதிரி தெரிந்திருக்கிறது. அவர்கள் 3 என்றே அடித்துக் கடிதம் அனுப்பினார்கள். நான் பெயரை மட்டும் சரிபார்த்துவிட்டு விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டேன். திரும்பி வந்து, புதுக் கடிதம் வாங்கி, மறுபடி அனுப்ப ஒன்பது நாள் போயிற்று. படம் எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். எண்ணையும் மின்னஞ்சலில் தனியாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

இன்னொன்று. ஒரே பயணத்தில் ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ போய்த் திரும்பவும் மங்கோலியாவுக்குள் வரும் யோசனை இருந்தால், ஒருமுறை நுழைவு விசா போதாது. எல்லையைத் தாண்டியதும் அது முடிந்துவிடும்.

4. விமானம்: இரண்டு தனி டிக்கெட் என்னும் பொறி

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஹாங்காங், சியோல், இஸ்தான்புல் என்று ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போகவேண்டும். ஜூலை முதல் வாரத்தில் உலான்பாத்தர் போகும் இருக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பிப்ரவரியில் வாங்கிய எனக்குப் போக வர 68,000 ரூபாய். என் நண்பர் மே மாதம் வாங்கி லட்சத்தைத் தாண்டினார்.

விலை குறையும் என்று சென்னை – ஹாங்காங் ஒரு டிக்கெட்டும், ஹாங்காங் – உலான்பாத்தர் இன்னொரு டிக்கெட்டுமாக வாங்கினேன். அப்படி வாங்கினால் பெட்டி நேராக மறு விமானத்துக்குப் போகாமல் போகலாம். நீங்கள் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்கவேண்டும். வெளியே வருவதென்றால் அந்த நாட்டுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு. ஹாங்காங்கில் இந்தியர்கள் நுழைய முன்வருகைப் பதிவு என்று ஒன்றை இணையத்தில் செய்திருக்கவேண்டும். கட்டணம் இல்லை, நிமிடத்தில் கிடைத்துவிடும், ஆனால் அந்தச் சீட்டை ஏ4 தாளில் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கையில் வைத்திருக்கவேண்டும். இது எனக்குத் தெரிந்தது சென்னை விமான நிலையக் கவுன்ட்டரில், இரவு பதினொன்றரை மணிக்கு. பதிவைப் போனிலேயே முடித்துவிட்டேன். பிரிண்டருக்குத்தான் அலைந்தேன். கடைசியில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுத்துத் தரும் ஒரு மூலையைக் கண்டுபிடித்து, ஒரு தாளுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். சியோல் வழியாக இப்படி இரண்டு டிக்கெட் போட்டால் கொரிய விசாவே கேட்பார்கள். ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், ஐயாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

வந்து இறங்குவது 9ஆம் தேதிக்குள் இருக்கட்டும். 2021இல் திறந்த செங்கிஸ் கான் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் இரண்டு. கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் முதல் இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் குழம்பும்.

5. பணம்: 10ஆம் தேதிக்குள் மாற்றிவிடுங்கள்

அந்த ஊர்ப் பணத்தின் பெயர் தொக்ரோக். நான் போனபோது ஒரு ரூபாய்க்கு 40 தொக்ரோக் கிட்டத்தட்ட. சென்னையில் எங்கும் கிடைக்காது. டாலர் கொண்டுபோங்கள், மடிப்பும் கறையும் இல்லாத புது நோட்டுகளாக.

நாதாம் அரசு விடுமுறை. 11 முதல் வங்கிகள் நான்கைந்து நாள் திறக்காது. ஏ.டி.எம். வேலை செய்யும், ஆனால் 12ஆம் தேதி மாலை நான் நின்ற இரண்டில் பணம் தீர்ந்திருந்தது. நகரத்தில் கார்டு எல்லாக் கடையிலும் ஓடுகிறது. குதிரை மைதானத்தில் ஹூஷூர் என்ற பொரித்த கறிப் பலகாரம் விற்கும் அக்காவிடம் நம் கார்டு ஓடாது. ஆளுக்கு 3 லட்சம் தொக்ரோக் சில்லறையாக வைத்துக்கொண்டால் அந்த மூன்று நாள் கவலையில்லை. பயந்துவிடாதீர்கள், நம் கணக்கில் அது ஏழாயிரத்து ஐந்நூறு.

6. ஸ்டேடியம் டிக்கெட்

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும்தான் டிக்கெட் முக்கியம். ஜூன் பிற்பகுதியில் இணையத்தில் விடுவார்கள், வேகமாகத் தீரும். அந்த நாட்டு வங்கிக் கணக்கும் போன் எண்ணும் இருப்பவர்களுக்குத்தான் அது எளிது. நமக்குச் சுலபமான வழி, வண்டி ஏற்பாடு செய்யும் நிறுவனத்திடமே பிப்ரவரியில் சொல்லிவைப்பது. அச்சிட்ட விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். ஸ்டேடியம் வாசலில் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குப் படிக்கவே தெரியாது, எல்லாம் சிரிலிக் எழுத்து.

கூரை நிழல் உள்ள பகுதியா என்று கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சி 11 மணிக்கு, ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம். வெயில் குளிர்ச்சியாகத் தெரியும், மாலையில் கண்ணாடியைப் பார்த்தால் மூக்கு உரிந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் உங்கள் எண்ணில் உட்கார்ந்துவிடுங்கள். தாமதமாகப் போனால் அங்கே ஒரு பாட்டி தன் பேரன்களோடு உட்கார்ந்திருப்பார், எழுப்ப யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை.

டிக்கெட் கிடைக்கவில்லையா? 11ஆம் தேதி காலை சுக்பாத்தர் சதுக்கத்துக்குப் போங்கள். குதிரை வால்முடியால் செய்த ஒன்பது வெண்கொடிகளை அரசு மாளிகையிலிருந்து எடுத்து, வீரர்கள் குதிரைமீது ஏந்தி ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோவார்கள். காசு கிடையாது. ஆனால் இதையும் பார்த்து ஸ்டேடியத்திலும் நல்ல இடம் பிடிப்பது நடக்காது, இரண்டில் ஒன்று. திரும்பப் போனால் நான் சதுக்கத்தைத்தான் எடுப்பேன். அத்தனை பக்கத்தில் குளம்புச் சத்தம் ஸ்டேடியத்தில் கேட்காது.

7. அந்த மூன்று நாளில் எதை எப்போது பார்ப்பது

மல்யுத்தத்தில் 512 பேர், தோற்றால் வெளியே, ஒன்பது சுற்று. எடைப் பிரிவு கிடையாது, வட்டம் கிடையாது. முழங்கையோ முழங்காலோ உடம்போ தரையில் பட்டால் தோல்வி. முதல் நாள் இரண்டு சுற்றுதான், ஒரே நேரத்தில் பல ஜோடிகள் மோதுவதால் எதைப் பார்ப்பது என்று தெரியாது. இரண்டாம் நாள் பிற்பகலில் போங்கள். ஐந்து சுற்று வென்றவருக்கு வல்லூறு, ஏழு வென்றவருக்கு யானை, முதலிடம் வந்தவருக்குச் சிங்கம் என்று பட்டம். யானையே இல்லாத ஊரில் யானைப் பட்டம் தருகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. தோற்றவர் தன் மேலாடையின் கட்டை அவிழ்த்துவிட்டு வென்றவரின் கையின் கீழ் குனிந்து போவார். வென்றவர் இரு கைகளையும் விரித்துக் கழுகுபோல் மெல்லச் சுழன்று ஆடுவார். நூற்று இருபது கிலோ உடம்பு இத்தனை மெதுவாகச் சுழல்வதை நேரில் பார்க்கவேண்டும்.

வில்வித்தை, ஸ்டேடியத்தை ஒட்டிய மைதானத்தில். டிக்கெட் இல்லை. ஆண்கள் 75 மீட்டர் தூரத்திலிருந்து எய்வது தோலால் பின்னிய சின்ன உருளைகளின்மீது, அவை தரையில் சுவர்போல் அடுக்கியிருக்கும். நடுவர்கள் இலக்குக்குப் பக்கத்திலேயே, அம்பு வருகிற வழியில் பயமில்லாமல் நின்று, பட்டதும் இரு கைகளையும் தூக்கி "ஊஹாய்" என்று இழுத்துப் பாடுவார்கள். அந்தப் பாட்டு கேட்டால் பட்டுவிட்டது என்று அர்த்தம். தூரத்தில் இருக்கும் நமக்கு உருளை விழுவதே தெரியாது.

ஷகாய்க் கூடாரத்தை யாரும் தவறவிட வேண்டாம். தாயம், சோழி ஆடி வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஒரு மரப் பலகையை மூக்குக்கு நேராகப் பிடித்து, அதன்மேல் வைத்த சிறு தட்டையான காயை விரலால் சுண்டி, ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும் எலும்பை அடிக்கவேண்டும். சுண்டும்வரை சுற்றி உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருப்பார்கள். வெளியே வெயில், உள்ளே தம்பூரா மாதிரி ஒரு ரீங்காரம். நான் அரைமணி நேரம் என்று நுழைந்து மூன்று மணி நேரம் இருந்தேன்.

குதிரைப் பந்தயம் நகருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் அளவில் ஹுய் தோலோன் ஹுதக் என்ற வெட்டவெளியில். இதற்குத்தான் வண்டி என்று தலையில் அடித்துக்கொண்டது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம், ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரம். பேருந்தும் விடுகிறார்கள், அதுவும் அதே நெரிசலில்தான் நிற்கும். பந்தயம் குதிரையின் வயதுப்படி. இரண்டு வயதுக் குட்டிகளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆறு வயதுக்கு மேல் 25 கிலோமீட்டர் வரை. ஓடுதளம் இல்லை, புல்வெளியில் ஒரு மூலையிலிருந்து வருவார்கள். முதலில் தெரிவது தூசி, அப்புறம் நெடுநேரம் எதுவும் தெரியாது, அப்புறம் திடீரென்று தரை அதிரும். நீங்கள் பார்ப்பது கடைசி ஒரு நிமிடம்தான். எனவே எந்த வயதுப் பந்தயம் எத்தனை மணிக்கு முடியும் என்று ஓட்டுநரைக் கேட்டுவைத்து, முடிவுக் கோட்டுக்கு முன்பாக ஒரு மேட்டில் இடம் பிடியுங்கள்.

ஓட்டுபவர்கள் சிறுவர்கள். இதைச் சொல்லாமல் விடக்கூடாது. தலைக்கவசம் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் ஏழெட்டு வயதுப் பையன் ஆளில்லாத குதிரையின் பின்னால் அழுதுகொண்டு ஓடியதைப் பார்த்த பிறகு எனக்கு மறுநாள் பந்தயத்துக்குப் போக மனம் வரவில்லை. அங்கேயும் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை அழைத்துப்போவதானால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டு வயதுக் குட்டிகளில் கடைசியாக வருவதற்கும் பாட்டு உண்டு. அதை "நிறைந்த வயிறு" என்று அழைத்து, அடுத்த வருடம் முதலாவதாக வா என்று வாழ்த்தி அனுப்புகிறார்கள்.

8. பையில் என்ன, வயிற்றில் என்ன

ஜூலைதான் அங்கே மழை மாதம். ஒரே நாளில் வெயில், ஆலங்கட்டி, இரவில் 10 டிகிரி எல்லாம் வரும். மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, வெயிலுக்கு முகத்தில் பூசும் க்ரீம், தூசிக்குத் துணி. குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், கூட்டத்தின்மேல் பறக்கவிட அனுமதி கிடைக்காது.

பணப்பையும் போனும் முன் ஜேப்பில், மேலே ஜிப். கூட்டத்தில் என் முதுகுப்பையின் ஓரம் பிளேடால் நேர்க்கோடாகக் கிழிந்திருந்ததை அறைக்கு வந்துதான் பார்த்தேன். உள்ளே இருந்தது பருப்புப் பொடி மட்டும் என்பதால் தப்பித்தேன். போலீஸுக்கு 102, ஆம்புலன்ஸுக்கு 103.

சாப்பாட்டு விஷயத்தில் ஏமாற்ற விரும்பவில்லை. நாதாம் பலகாரம் ஹூஷூர், மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துத் தட்டிப் பொரித்தது. ஒன்று 2,500 தொக்ரோக் சுற்றி. சுடச்சுட வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டிப் பிடித்துக்கொண்டு, ஓரத்தைக் கடித்து உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சவேண்டும். நேராகக் கடித்தால் சட்டைதான் சாப்பிடும். சைவர்களுக்குத் தலைநகரில் சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் உண்டு. வெளியூரில் கறியை எடுத்துவிட்டுத் தருவார்கள், கறி வெந்த நீர் அப்படியே இருக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு சின்ன மின்சாரக் குக்கர் கொண்டுபோங்கள். கெர் முகாமில் சாதம் கேட்டால் தருவார்கள்.

அய்ரக் என்பது புளித்த குதிரைப் பால், லேசான போதை உண்டு. பழைய கஞ்சித் தண்ணீரில் சோடா கலந்த மாதிரி ஒரு புளிப்பு, எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதுதான் பிரச்சினை. முதல் நாள் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு மறுநாள் வண்டியைப் பதினொரு முறை நிறுத்தச் சொன்னேன், மறைவுக்கு ஒரு மரம்கூட இல்லாத புல்வெளியில். முதல் நாள் நாலு மிடறு போதும்.

9. கெர் வீட்டுக்குள் போகும்போது

சோம் நாதாமுக்குப் போனால் யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிடாமல் விடமாட்டார்கள். இங்கே நமக்கு ஒரு வசதி: பாதிப் பழக்கம் வீட்டிலேயே சொல்லித்தந்ததுதான்.

வண்டியில் இருந்து இறங்கியதும் வாசலுக்கு ஓடாதீர்கள், நாய் இருக்கும். "நொஹொய் ஹோர்" என்று குரல் கொடுக்கவேண்டும், நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். கதவைத் தட்டும் வழக்கம் இல்லை. வாசற்படியை மிதிக்கவோ அதில் நிற்கவோ கூடாது, தாண்டிப் போங்கள். கதவு தாழ்வாக இருக்கும், நெற்றி ஜாக்கிரதை. உள்ளே இடதுபக்கமாகப் போய் உட்காருங்கள். எழுந்து நகர்ந்தால் கடிகாரம் சுற்றும் திசையில், கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல. நடுவே கூரையைத் தாங்கும் இரண்டு தூண்களின் இடையில் நுழையாதீர்கள், அவற்றுக்கு நடுவே ஒரு பொருளைக்கூடக் கைமாற்றக் கூடாது. அடுப்பைப் பார்த்துக் கால் நீட்டக் கூடாது. அதில் குப்பையோ தண்ணீரோ போடுவது பெரிய அவமதிப்பு.

எதைக் கொடுத்தாலும் வலது கையால், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு வாங்குங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தால் இறக்கிவிட்டு வாங்குங்கள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஓட்கா வந்தால், குடிக்காதவர்கள் மோதிர விரலை நனைத்து நெற்றியில் தொட்டுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பலாம். பெரியவர் ஒருவர் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினால் அது மரியாதை. பொடி போடத் தேவையில்லை, மூடியை முழுதும் திறக்காமல் முகர்ந்துவிட்டு வலது கையால் திருப்பிக் கொடுங்கள். தவறிப்போய் யாருடைய காலையாவது மிதித்துவிட்டால் உடனே கைகுலுக்கவேண்டும். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அந்த வீட்டுத் தாத்தா என்ன புரிந்துகொண்டாரோ, பதிலுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பிஸ்கட், டீத்தூள், பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் போதும், கொடுப்பதும் இரண்டு கைகளாலும். வணக்கத்துக்கு "சாய்ன் பாய்ன ஊ". நாதாம் நாளில் "சாய்ஹன் நாதஜ் பாய்ன ஊ" என்று கேட்டுப்பாருங்கள், விளையாட்டு நன்றாகப் போகிறதா என்பதுபோல ஒரு விசாரிப்பு. முகம் மலர்ந்துவிடும்.

வழியில் குன்றின்மேல் கல் குவித்து நீலத் துணி கட்டியிருந்தால் அது ஓவோ, வழிபடும் இடம். மூன்று முறை வலம் வந்து ஒரு கல்லைச் சேர்த்துவிட்டு வாருங்கள். சில மலைகளில் பெண்கள் உச்சிக்கு ஏறக் கூடாது என்று இருக்கிறது. எரிச்சலான விதிதான், ஆனாலும் ஏறுவதற்கு முன் ஓட்டுநரைக் கேட்டுவிடுங்கள்.

10. பக்கத்து இனத்தாரின் விழாக்களையும் சேர்ப்பதானால்

மேற்கு ஓரத்தில் பயான் உல்கீ மாவட்டத்தில் இருப்பவர்கள் கசாக்குகள், முஸ்லிம்கள், மொழியும் வேறு. கழுகை வைத்து வேட்டையாடும் அவர்களின் பொன்கழுகு விழா அக்டோபர் முதல் வாரக் கடைசியில் உல்கீ நகருக்குப் பக்கத்தில் நடக்கும். தலைநகரிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம், சாலையில் 1,600 கிலோமீட்டருக்கு மேல். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் அனுமதி, குளிர் உடையே அந்த எடை வந்துவிடும். கோட்டை உடம்பில் போட்டுக்கொண்டே ஏறுங்கள். உல்கீ நேரம் தலைநகரைவிட ஒரு மணி நேரம் பின்னால், திரும்பும் விமான நேரத்தை எந்த ஊர்க் கணக்கில் சொல்கிறார்கள் என்று இரண்டு முறை கேளுங்கள். அப்படியே அல்தாய் தவன் போக்த் மலைப்பக்கம் போவதானால் எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டு தனியாக வேண்டும். அதைப் பயண நிறுவனம் முன்கூட்டியே எடுத்துத் தரட்டும்.

புரியாத்துகளின் அல்தர்கானா விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மங்கோலியாவிலும் ரஷ்யாவிலும் ஊர் மாறி மாறி நடக்கும். துவா மக்களின் நாதிம் ரஷ்யாவின் கிசில் நகரில், உள்மங்கோலியாவின் நாதாம்கள் சீனாவில். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஒரே விசாவில் சுற்றிவிட முடியாது.

11. செலவுக் கணக்கும் திரும்புதலும்

ஒன்பது நாளுக்கு, மூன்று பேராகப் பகிர்ந்ததில் என் பங்கு: விமானம் 68,000, அறைகளும் முகாமும் 31,000, வண்டி 17,000, ஸ்டேடியம் டிக்கெட் 6,500, சாப்பாடு, சிம், சில்லறை 14,000, விசாவும் காப்பீடும் 7,500. ஒன்றரை லட்சத்துக்குள் வந்தது. தனியாகப் போயிருந்தால் வண்டிக்கு மட்டும் 51,000 கொடுத்திருப்பேன்.

திரும்பும் விமானம் 16ஆம் தேதிக்கு அப்புறம் இருக்கட்டும். 15 மாலை ஊருக்குப் போனவர்கள் அத்தனை பேரும் தலைநகருக்குத் திரும்புகிறார்கள், நகருக்கு முன்னால் வண்டி நகராது. மிச்சமிருக்கும் தொக்ரோக்கை விமான நிலையத்திலேயே டாலராக மாற்றிவிடுங்கள், அதைத் தாண்டினால் யாரும் வாங்கமாட்டார்கள். என்னிடம் இன்னும் 43,000 இருக்கிறது. அடுத்து யாராவது போவதானால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.